இரவு ஏழு மணிக் காய்ச்சல்

கேள்வி இதுதான்: இலங்கையின் வடக்கே வன்னியில் பெற்றோர் சாதாரணத் தடிமன் காய்ச்சலுக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஏன் ஓடி வருகிறார்கள்? பகலில் வெளிநோயாளர் பிரிவு இருக்கிறதே, ஊருக்குள் சின்ன ஆஸ்பத்திரி இருக்கிறதே, இவர்களுக்கு விளக்கம் காணாதா? கேட்டவர் கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டிருந்தார். நெஞ்சு நோவென்று அப்பாவைக் கொண்டுபோன இரவில், அவருக்கு முன்னால் நாலு பிள்ளைகள் மூக்கு வடிய இருந்தார்களாம்.

அந்தக் கோபம் எனக்குப் புதிதில்லை. 16 வருடம் அவசரப் பிரிவில் தாதியாக நின்றவள் நான். முதல் ஐந்தாறு வருடம் எனக்கும் அதே கோபம்தான். பிறகு எப்படிக் குறைந்தது என்பதைச் சொன்னால் உங்கள் கேள்விக்கும் பதில் வந்துவிடும்.

"அவசரமில்லை" என்பது பிள்ளையைப் பார்த்து முடித்த பிறகு நாங்கள் சொல்கிற சொல். நெஞ்சில் குழாய் வைத்து, மூச்சை எண்ணி, வயிற்றை அமத்திப் பார்த்து, தேவையென்றால் இரத்தமும் எடுத்துப் பார்த்த பிறகுதான் அது எங்கள் வாயிலேயே வருகிறது. வீட்டு வாசலில் நின்று யோசிக்கிற தாயிடம் அந்தச் சொல் இல்லை. அதைக் கேட்டு வாங்கத்தான் அவள் வருகிறாள். ஒருநாள் விடியற்காலை நாலு மணிக்கு ஒரு பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். வயிற்று நோவு, இரண்டு தரம் சத்தி. சாப்பாடு ஒத்துவரவில்லை என்று அம்மம்மா ஓமத் தண்ணி கொடுத்திருந்தா. காய்ச்சல் இல்லை, வயிற்றோட்டம் இல்லை. பிள்ளையின் கண் இமை மட்டும் நித்திரை தூங்குவதுபோல் சொருகிக்கொண்டிருந்தது. நிலத்தில் பாய் போட்டுப் படுத்த பிள்ளை. கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் நோவு தெரியாது, கடித்த இடத்தைத் தேடினாலும் கண்டுபிடிப்பது கஷ்டம். வயிற்று நோவும் இமை சொருகலும்தான் முதலில் வரும். அந்தத் தாய் "வெறும் வயித்துக்குத்துத்தானே, விடியட்டும்" என்று இருந்திருந்தால் விடியும்போது பிள்ளைக்கு மூச்சு இருந்திருக்காது. ஆயிரத்தில் ஒன்று என்று நீங்கள் சொல்லலாம். அந்த ஒன்று எது என்று வாசலில் நிற்கிறவளுக்குத் தெரியாது என்பதுதான் என் கதை.

சரி, ஆயிரத்தில் மிச்சம் ஏன் வருகிறது?

மணிக்கூட்டைப் பாருங்கள். உடம்பின் சூடு பின்னேரமும் முன்னிரவும்தான் உச்சத்துக்குப் போகும். இது யாருக்கும் பொது. காலையில் கொஞ்சம் சோர்ந்திருந்த பிள்ளை பின்னேரம் ஆறு மணிக்கு நெருப்பாய்ச் சுடும். தாய் வேலை முடித்து வீட்டுக்கு வருவதும் அந்த நேரம்தான். அறிவியல் நகர்ப் பக்கம் ஆடைத் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவள் பஸ்ஸால் இறங்கிப் பிள்ளையின் நெற்றியில் கை வைக்கும்போது இருட்டத் தொடங்கியிருக்கும். காலபோகத்தில் வயலுக்குக் களை பிடுங்கப் போகிறவளுக்கும் இதே கதை. மழைக்காலத்தில்தான் வயல் வேலை, மழைக்காலத்தில்தான் காய்ச்சலும். நாட்கூலி வேலையில் அரைநாள் லீவு என்று ஒன்று கிடையாது. போகாவிட்டால் சம்பளம் இல்லை, அவ்வளவுதான். வெளிநோயாளர் பிரிவு பெரும்பாலும் பின்னேரம் நாலு மணியோடு பூட்டு. சில சின்ன இடங்களில் வாட்டே இல்லை, வெளிநோயாளரை மட்டும்தான் பார்ப்பார்கள். இரவில் அங்கே காவலாளிதான் நிற்பார். ஏழு மணிக்கு மேல் லைட் எரிகிற வாசல் ஒன்றே ஒன்று. அவர்கள் அவசரப் பிரிவைத் தெரிவு செய்து வருகிறார்கள் என்று நாங்கள் நினைக்கிறோம். தெரிவு செய்ய வேறென்ன இருந்தது?

காசுள்ளவர்கள் தனியார் கிளினிக்கில் காட்டுவார்கள். அங்கே டொக்டர் காசும் மருந்துக் காசும் ஓட்டோக் காசும் சேர்ந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். அரச ஆஸ்பத்திரியில் ஒரு சதமும் இல்லை.

அடுத்தது பாதை. வன்னிக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது கொஞ்சம் கஷ்டம். ஒட்டுசுட்டான் பக்கம் உள்ளே ஒரு குடியிருப்பை நினையுங்கள். பிரதான வீதிக்கு வரக் கிரவல் ரோட்டில் நாலைந்து கிலோமீற்றர், இரண்டு பக்கமும் காடு. கடைசி பஸ் பொழுதுபடவே போய்விடும். ஊருக்கு ஒரு ஓட்டோ, அந்த ஓட்டோக்காரரும் இருட்டின பிறகு வர யோசிப்பார், யானை நிற்கும். புருசன் இல்லாத வீடு, போரில் போனவர் அல்லது கடலுக்கோ கொழும்புக்கோ வேலைக்குப் போனவர். பிள்ளைக்கு 101 காய்ச்சல். இப்போது அந்தத் தாய் என்ன கணக்குப் போடுவாள் என்று நினைக்கிறீர்கள்? "இந்தக் காய்ச்சல் அவசரமா" என்ற கேள்வியே அவளிடம் இல்லை. "இரவு இரண்டு மணிக்குக் கூடினால் என்னால் போக முடியுமா" என்பதுதான் கேள்வி. முடியாது என்றால் ஏழு மணிக்கே புறப்பட வேண்டும். அவள் அளப்பது காய்ச்சலை இல்லை, இரவை. அந்தக் கணக்கில் எனக்குப் பிழை தெரியவில்லை. யாழ்ப்பாண டவுனில் ஆஸ்பத்திரியிலிருந்து பத்து நிமிடத்தில் இருக்கிறவருக்கு "பொறுத்துப் பாருங்கோ" என்பது நல்ல அறிவுரை. எங்கள் பக்கத்தில் அதே அறிவுரைக்கு விலை கூட.

1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் வருகிற அம்புலன்ஸ் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2018இல் வடக்குக்கும் வந்தது, இலவசம். எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய சேவை. ஆனால் "சும்மா காய்ச்சலுக்கு எப்படியம்மா அம்புலன்ஸைக் கூப்பிடுறது, ஆக்கள் என்ன நினைப்பினம்" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். அவசரப் பிரிவை வீணாக்குகிறார்கள் என்று பேச்சு வாங்குகிற அதே சனம், அம்புலன்ஸை வீணாக்கக் கூடாது என்று கடன் வாங்கி ஓட்டோ பிடித்து வருகிறது.

சின்ன ஆஸ்பத்திரியைத் தாண்டி வருவது பற்றி. எங்கள் நாட்டில் யாரும் எந்த அரச ஆஸ்பத்திரிக்கும் நேரே போகலாம், கடிதம் தேவையில்லை. ஆகவே சனம் தன் அனுபவத்தை வைத்துத்தான் முடிவெடுக்கும். ஒரு தரம் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய், "இஞ்ச பிளட் செக் பண்ணேலாது, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ" என்று துண்டு எழுதிவிட்டால், அடுத்த தரம் அந்தத் தாய் எதற்கு இரண்டு ஓட்டோக் காசு கொடுக்க வேண்டும்? 2022 நெருக்கடியில் பெற்றோல் இல்லை, மருந்து இல்லை, டொக்டர்மார் பலர் வெளிநாடு போய்விட்டார்கள். அந்த நேரத்தில் பூட்டின கதவைப் பார்த்துத் திரும்பி வந்தவர்கள் அதை மறக்கவில்லை. கதவு திரும்பத் திறந்தது தெரிய வருவதற்கு நாள் எடுக்கும்.

இது வன்னிக் குணம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 1986இல் ஒரு சட்டம் வந்தது. அவசரப் பிரிவுக்கு வருகிற யாரையும் காசில்லை என்று பரிசோதிக்காமல் திருப்பி அனுப்பக் கூடாது. அங்கேயும் பெற்றோரிடம் கேட்டால் கிட்டத்தட்ட இதே பதில்கள்தான் வருகின்றன: குடும்ப டொக்டரிடம் நாள் கிடைக்கவில்லை, போன் எடுத்தால் "அவசரப் பிரிவுக்குப் போங்கள்" என்றே சொன்னார்கள், வேலை முடிந்து வந்தால் கிளினிக் பூட்டு, அங்கே போனால் எல்லாப் பரிசோதனையும் ஒரே இடத்தில் நடக்கும். யானை மட்டும்தான் இல்லை.

இப்போது காய்ச்சலுக்கு வருவோம், ஏனென்றால் அவசரமில்லாமல் வருகிற பிள்ளைகளில் காய்ச்சல்காரர்தான் அதிகம். காய்ச்சலைக் கண்டு பெற்றோருக்கு வருகிற அளவுக்கு மிஞ்சிய பயத்துக்கு பார்ட்டன் ஷ்மிட் என்ற அமெரிக்கப் பிள்ளை வைத்தியர் 1980இலேயே 'காய்ச்சல் பீதி' என்று பெயர் வைத்துவிட்டார். காய்ச்சல் மூளையைத் தாக்கும், வலிப்பு வரும் என்ற பயம். வலிப்புப் பயத்தில் உண்மை கொஞ்சம் இருக்கிறது. ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடையிலுள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்குக் காய்ச்சலோடு வலிப்பு வரலாம். பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் நின்றுவிடும், மூளைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் தன் பிள்ளை கண் மேலே போய், கை கால் இழுத்து, வாயில் நுரை தள்ளியதை ஒரு தரம் பார்த்த தாயிடம் போய் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். அவளுடைய பக்கத்து வீட்டுக்காரியிடமும் எடுபடாது.

ஒரு பிள்ளையைக் கிட்டவே காட்டுகிறேன். இரண்டரை வயது, 12 கிலோ. "மிஸி, காலமையில இருந்து மூண்டு தரம் பனடோல் பாணி குடுத்திட்டன், காய்ச்சல் மருந்துக்குக் கேக்குதில்லை." எவ்வளவு கொடுத்தீர்கள் என்றேன். போத்தலோடு வந்த மூடியில் அடியில் உள்ள கோட்டைக் காட்டினாள். இரண்டரை மில்லிலீற்றர். கூடக் கொடுத்தால் சூடு, பிள்ளை தாங்காது என்று மாமி சொன்னாவாம். கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று பார்த்தால் இந்தப் பிள்ளைக்கு 180 மில்லிகிராம் வேண்டும். அந்தப் பாணியில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம். ஆக, ஏழரை மில்லிலீற்றர். அவள் கொடுத்தது மூன்றில் ஒரு பங்கு. அதோடு கம்பளிச் சட்டை, காதைச் சுற்றித் துணி, காற்றுப் படக் கூடாதென்று யன்னலும் பூட்டு. நாங்கள் சட்டையைக் கழற்றிவிட்டு சரியான அளவைக் கொடுத்தோம். முக்கால் மணித்தியாலத்தில் பிள்ளை எழும்பி இருந்து பிஸ்கட் கேட்டது. தாயின் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து எனக்கும் சந்தோஷம். போகும்போது அவள் சொன்னாள்: "ஆஸ்பத்திரி மருந்துதான் மிஸி பிள்ளைக்குக் கேக்கும்." அதே போத்தல்! அவளுடைய பையில் இருந்த அதே மருந்துதான்.

அன்று நான் பிடித்த பாடம், அவள் திரும்பி வருவதற்கான காரணத்தை நாங்களே கையில் கொடுத்து அனுப்புகிறோம் என்பது. பிள்ளை சுகமானதைக் கண்டாள், ஏன் சுகமானது என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த காய்ச்சலுக்கும் வரத்தானே செய்வாள்? இதில் தாயின் 'விளக்கம் காணாமை'யை விட எங்கள் வாய் திறவாமைதான் பெரிது.

டெங்கு இன்னொரு பயம், அது நியாயமான பயம். 2017இல் நாடு முழுவதும் 1,86,000க்கு மேல் டெங்கு நோயாளர்கள். அதற்குப் பிறகு பிள்ளை சுட்டவுடன் "இரத்தம் ஒருக்காப் பாருங்கோ" என்று வருகிறார்கள். முதல் நாளில் எடுக்கிற சாதாரண இரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, மூன்றாம் நாளளவில்தான் வெள்ளை அணு, குருதிச் சிறுதட்டு எண்ணிக்கை இறங்கத் தொடங்கும். ஆகவே முதல் நாள் "நோர்மல்" என்று தாளைக் கொடுத்து அனுப்புவது சில வேளை பொய் நிம்மதி. அதைவிட மோசம், டெங்கில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம். பெற்றோர் "அப்பாடா விட்டிட்டுது" என்று இருக்கிற அந்த ஒன்றிரண்டு நாளில்தான் கை கால் குளிர்ந்து, வயிறு நொந்து, சலம் போகாமல் பிள்ளை சாயும். பயப்பட வேண்டாத நாளில் ஓடி வந்து, பயப்பட வேண்டிய நாளில் வீட்டில் இருக்கிறார்கள். இது நடக்காமல் பார்ப்பதுதான் எங்கள் வேலை. அதை எப்படிக் கெடுக்கலாம் என்பதற்கு என்னிடமே ஒரு கதை இருக்கிறது.

ஒரு மார்கழி இரவு. விபத்தில் வந்த இரண்டு பேரை வைத்துக்கொண்டு நாங்கள் அல்லாடுகிற நேரம், மூக்கு வடிகிற பிள்ளையோடு ஒரு தாய். "இதுக்கெல்லாம் இஞ்ச வாறதே? நாளைக்குக் காலமை வரத் தெரியாதோ?" என்று ஏசினேன். ஒன்றும் பேசாமல் போய்விட்டாள். தை மாதம் அதே தாய், அவளுடைய மூத்த பிள்ளையோடு வந்தாள். காய்ச்சல் தொடங்கி ஐந்தாம் நாள். அது விட்டு ஒரு நாள் ஆகியிருந்தது. கை ஐஸ் மாதிரி, காலையிலிருந்து சலம் போகவில்லை, நாடி கைக்கு அகப்படவில்லை. ஏன் முதலே வரவில்லை என்று டொக்டர் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். "பேசுவீங்கள் எண்டுதான்..." என்றாள், முடிக்கவில்லை. பிள்ளையை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினோம், தப்பிவிட்டது. அன்றோடு எனக்கு அந்தக் கோபம் விட்டது என்று சொல்ல மாட்டேன், வாயில் வருவது நின்றது.

இன்னொன்றும் உண்டு, அதைப் பற்றி யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. இன்று கைப்பிள்ளையோடு வருகிற தாய் தகப்பனில் பலர் போர் முடிந்த 2009இல் பத்து, பன்னிரண்டு, பதினைந்து வயதுப் பிள்ளைகள். மருந்தில்லாமல், கொண்டுபோக வாகனமில்லாமல், தம்பியோ தங்கச்சியோ கண் முன்னால் போனதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். பிறகு இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் வயிற்றோட்டம், செங்கமாரி, அம்மாள் வருத்தம் என்று வரிசையில் நின்றவர்கள். அவர்களுக்குப் "பொறுத்துப் பார்ப்பம்" என்ற சொல் வேறு மாதிரிக் கேட்கும். ஒரு தகப்பன் வந்தால் பிள்ளையைக் கட்டிலில் விடவே மாட்டார், தோளிலேயே வைத்திருப்பார். கேட்டால் "இறக்கினா எழும்பாதோ எண்டு இருக்கும்" என்றார். அவருக்கு நான் காய்ச்சல் கணக்குச் சொல்லப் போகவில்லை. ஒரு மணித்தியாலம் அங்கேயே இருக்கவிட்டேன்.

இப்படி எல்லாவற்றையும் நியாயப்படுத்திவிட்டு, வருவதில் கேடே இல்லை என்று சொல்லவும் முடியாது. தடிமன் பிள்ளை, வயிற்றோட்டப் பிள்ளைக்குப் பக்கத்தில் இரண்டு மணித்தியாலம் இருந்து புது வருத்தம் ஒன்றை வாங்கிக்கொண்டு போகும். நித்திரை முழிப்பு. அடுத்த நாள் தாய்க்கு வேலை இல்லை. டொக்டருக்கும் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது நாலைந்து நிமிடம், வளர்ச்சிப் பதிவேட்டைத் திறந்து பார்க்க நேரமில்லை. பிள்ளை ஆறு மாதமாக நிறை கூடவில்லை என்பது அந்த இரவில் யார் கண்ணிலும் படாது. அதைப் பகலில் கிளினிக்கில்தான் பிடிக்கலாம்.

அதனால் நான் இப்போது செய்வது சின்ன வேலை. மருந்துத் துண்டின் பின்பக்கத்தில் பிள்ளையின் நிறையை எழுதி, எத்தனை மில்லிலீற்றர், எத்தனை மணிக்கு, ஆறு மணித்தியாலத்துக்கு முதல் திரும்பக் கொடுக்கக் கூடாது, நாளுக்கு நாலு தரத்துக்கு மேல் வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பேன். வீட்டுத் தேக்கரண்டி வேண்டாம், ஊசிக் குழாய் ஒன்றைக் கொடுத்துக் கோட்டைப் பேனையால் அடையாளம் போடுவேன். அப்புறம் கீழே எதற்குத் திரும்பி வர வேண்டும் என்று: மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எந்த நேரமும். பால் குடிக்காவிட்டால், குடித்ததெல்லாம் சத்தியாகப் போனால், எழுப்ப எழும்பாவிட்டால், வலிப்பு வந்தால், ஆறு மணித்தியாலம் சலம் போகாவிட்டால். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால். காய்ச்சல் விட்ட பிறகு பிள்ளை சோர்ந்தால், கை கால் குளிர்ந்தால். "இதில ஒண்டு வந்தா 1990க்கு அடியுங்கோ, ஆரும் பேச மாட்டினம்" என்று வாயாலும் சொல்வேன். வயிற்றோட்டக்காரருக்கு ஜீவனி என்கிற உப்புச் சீனித் தூளைத் தண்ணியில் கரைக்கிற விதத்தை அவர்களைக் கொண்டே ஒரு தரம் செய்விப்பேன், ஒரு பைக்கற்றை அரைக் கப்பில் கரைத்துக் கொடுத்தவர்களைக் கண்டதால். இத்தனைக்கும் ஆறேழு நிமிடம் போகும். சன நெருக்கடி இரவில் அதுவும் முடியாமல் போகும்.

ஊர் மட்டத்தில் ஒன்று கேட்டால், மழைக்காலத்து மூன்று மாதமாவது பிரதேச வைத்தியசாலைகளில் இரவு எட்டு மணி வரை வெளிநோயாளரைப் பார்க்க வேண்டும் என்பேன், குருதிப் பரிசோதனையோடு. ஊரில் தாய் பிள்ளைகளைப் பார்க்கிற குடும்பநல உத்தியோகத்தரின் போன் இலக்கம் ஒவ்வொரு தாயிடமும் இருக்கிறது, அவரை ராத்திரி எழுப்பித்தான் ஆறுதல் கேட்கிறார்கள். அந்த வேலைக்கு அவருக்குச் சம்பளமும் இல்லை, நன்றியும் இல்லை.

உங்கள் அப்பா விசயத்துக்கு வருகிறேன். அவருக்கு முன்னால் நாலு பிள்ளைகள் வந்திருந்ததில் பிழையில்லை. வந்த ஒழுங்கில் பார்த்ததுதான் பிழை. உலகத்தில் பல இடங்களில் வாசலிலேயே ஒரு தாதி நின்று நிறம் பிரிப்பார். மான்செஸ்டர் முறை என்று ஒன்று இருக்கிறது: சிவப்பு உடனே, செம்மஞ்சள் பத்து நிமிடத்தில், பச்சை இரண்டு மணித்தியாலம், நீலம் நாலு மணித்தியாலம் வரை பொறுக்கலாம். அப்படிப் பிரித்தால் மூக்கு வடிகிற பிள்ளை பச்சையோ நீலமோ, நெஞ்சு நோகிற அப்பா செம்மஞ்சள். எங்கள் பக்கத்தில் இரவில் அந்த வாசல் ஆள் எப்போதும் இருப்பதில்லை. அதனால் அடுத்த முறை வரிசையைப் பார்த்து நிற்க வேண்டாம். உள்ளே வந்து "நெஞ்சு நோகுது" என்று சத்தமாகச் சொல்லுங்கள். நாங்கள் திரும்பிப் பார்க்க முதலே, பிள்ளையோடு இருக்கிற தாய்மார் எழும்பிக் கதிரையை விடுவார்கள். எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன்.